அயனி ஜெல்: உறுதியும் வேணும், மின்கடத்தலும் வேணும்… எப்படி?

போன் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் கசியலாம், தீப்பிடிக்கலாம். இதற்கு மாற்றாக ஆராயப்படும் பொருள்களில் ஒன்று அயனி ஜெல். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பை ஒரு பாலிமர் வலை பிடித்து வைத்திருக்கும். இந்த உப்பு லேசில் ஆவியாகாது.

சிக்கல் எங்கே?

பாலிமரைக் கூட்டினால் ஜெல் உறுதியாகும். ஆனால் அயனிகள் நகர இடமில்லாமல் மின்கடத்தல் சரியும். குறைச்சா, ஜெல் தொளதொளன்னு ஆகிடும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் திமோதி லாட்ஜ் குழு 2007-ல் ஒரு வழி காட்டியது: வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பாலிமர் சங்கிலியின் இரு முனைகளும் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மாகோல் செய்யும் அதே பொருள். நடுவில் பாலிஎத்திலீன் ஆக்சைடு.

முனைகளுக்குத் திரவம் ஒத்துவராது, ஒன்றுகூடி முடிச்சுகளாகிவிடும். நடுப்பகுதி திரவத்தில் விரிந்து, முடிச்சுகளை இணைக்கும் பாலமாகும். எடையில் 5 சதவீதம் பாலிமர் இருந்தாலே போதும், ஜெல் ரெடி. மீதி முழுக்க அயனிகள் ஓடும் பாதை.

முடிச்சு அவிழ்ந்தால்?

பலமாக இழுத்தால் முனைகள் உருவிக்கொண்டு வந்துவிடும். சூடேறினால் முடிச்சு இளகும். 2013-ல் அதே குழு, முனைகளில் அசைடு என்ற வேதித் தொகுதியைச் சேர்த்து சூடாக்கியது. முடிச்சுக்குள் மட்டும் நிரந்தரப் பிணைப்பு உருவானது. ஜெல்லின் உறுதி நன்றாகக் கூடியது. மின்கடத்தலோ பெரிதாகக் குறையவில்லை.

காரணம் சிம்பிள்: அயனிகள் போகாத இடத்தில்தான் கெட்டிப்படுத்தினார்கள். ரோட்டை அடைக்காமல் தூணை மட்டும் பலப்படுத்தியது போல.