கடைசி வரிசைக் கேள்வியும் கைப்பேசி மைக்கும்

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்தில் மைக் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு நெசவாளி எழுந்து, "போன தடவை கொடுத்த சரிகை கறுத்துப் போகுதுங்க, மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டால் மேடைக்குப் பாதிதான் கேட்கும். பதிவேட்டில் அந்தப் பாதிகூட ஏறாமல் போகலாம்.

இதற்கு ஒரு வழி பெரிய மாநாடுகளில் வந்திருக்கிறது. பார்வையாளரின் ஸ்மார்ட்போனையே மைக்காக மாற்றிவிடுகிறார்கள். எழுந்து வர முடியாத முதியவருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகத் தயங்கும் பெண்ணுக்கும் இது பெரிய உதவி. நம் ஊர்க் கூட்டங்களுக்கு இது வரும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதில் உஷாராக இருக்க வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வோம்.

எப்படி வேலை செய்கிறது?

மண்டபத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். சில ஏற்பாடுகளில் செயலியை நிறுவச் சொல்வார்கள். பேச விரும்புகிறவர் பொத்தானை அழுத்தி வரிசையில் சேர வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அனுமதித்ததும் அவர் குரல் வைஃபை வழியாக ஒரு கணினிக்குப் போய், அங்கிருந்து ஒலிபெருக்கிக்கு வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் குரலே சற்றுத் தாமதமாக ஒலிபெருக்கியில் திரும்பி வரும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம்கூட நாக்கைத் தடுமாற வைக்கப் போதும். அப்படித் தடுமாறுகிறவரைப் பேசத் தெரியாதவர் என்று எடைபோட்டுவிடக் கூடாது. ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நின்று, போனை வாய்க்கு அருகில் பிடித்து, சிறு சிறு வாக்கியமாகப் பேசினால் சமாளிக்கலாம். ஊளைச் சத்தமும் குறையும்.

ஆபத்து எங்கே?

முதலாவது, போலிக் குறியீடு. அசல் தாளின் மேல் வேறொன்றை ஒட்டிவிடுவது மோசடிக்காரருக்கு எளிது. பேசுவதற்கு மைக் அனுமதி ஒன்று போதும். ஓடிபி, யுபிஐ ரகசிய எண், தொடர்பு எண்கள், புகைப்படங்கள் எதைக் கேட்டாலும் உடனே வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலி நிறுவும்) கோப்பை நிறுவாதீர்கள்.

இரண்டாவது, பதிவு. மைக்கில் பேசும் குரல் காற்றோடு போய்விடும் என்று நினைக்கிறோம். போன் வழியாகப் போகும் குரலோ பெயருடனும் எண்ணுடனும் சேமிக்கப்படலாம். பாவும் பட்டும் கூலியும் சங்கத்திடமிருந்தே வரவேண்டிய நெசவாளிக்கு இது சின்ன விஷயமல்ல. கூலி பாக்கியைக் கேட்டவர் யார் என்று பட்டியல் எடுக்க முடிந்தால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

மூன்றாவது, வடிகட்டல். வரிசை ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்கிறது. சங்கடமான கேள்வியைச் சத்தமில்லாமல் கீழே தள்ளிவிடலாம். கை தூக்கி நிற்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். திரையில் காத்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை.

நான்காவது, மூடாத மைக். பேசி முடித்த பிறகும் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளமும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் ஆரஞ்சுப் புள்ளியும் மைக் இயங்குவதைக் காட்டும். பக்கத்தை மூடி, அமைப்புகளுக்குள் போய் மைக் அனுமதியையும் நீக்கிவிடுங்கள்.

உங்கள் உரிமை என்ன?

குரலால் உங்களை அடையாளம் காண முடியும் என்றால் அது உங்கள் தனிநபர் தரவு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக எடுக்கிறார்கள் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலேயே கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027-ல் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே அமைப்பாளரிடம் கேட்கலாம்.

கூட்டத்துக்குக் கூட்டம் உரிமை மாறும். 2021-ல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தில் பகுதி சபா, சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை. இவை சட்டப்படி மக்கள் பேசுவதற்கான இடங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நடக்கும் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இன்னும் உறுதியானது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு தர வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். எழுந்த கருத்துகளின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். ஆகவே அவசரப்பட்டுக் கிளம்பாமல், உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காது கேளாதவருக்கு ஒலிபெருக்கியால் பயனில்லை. பேசுவது எழுத்தாகத் திரையில் ஓட வேண்டும், சைகை மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் அணுகலை வலியுறுத்துகிறது. மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

தவறு நடந்தால்?

பணம் போனால் நேரம் கடத்தாமல் 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். உங்கள் குரலையோ அடையாளத்தையோ வைத்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகள் பாயும்.

கேள்வியைப் புறக்கணித்தால், அதையே எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ நடவடிக்கைப் பதிவேட்டின் நகலை 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கம் நேரடியாக அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். அப்போது சங்கத்தை மேற்பார்வையிடும் கைத்தறித் துறைச் சரக அலுவலகத்துக்கு மனு போடுங்கள். துறை சட்டப்படி பெறக்கூடிய தகவலைத் துறையிடம் கேட்க முடியும். கேள்வி கேட்டதற்காக மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

அமைப்பாளர்கள் செய்ய வேண்டியது

க்யூஆர் தாளை ஒட்டியதோடு நிற்காமல், சரியான முகவரியை மேடையிலிருந்து படித்துச் சொல்லுங்கள். பதிவு செய்கிறீர்களா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெயர் சொல்லாமல் கேட்க வழி வையுங்கள். காத்திருக்கும் கேள்விகளின் வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும். முக்கியமாக, கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கையும் கேள்வித் தாளையும் எடுத்துவிடாதீர்கள். பட்டன் போன் வைத்திருப்பவரும், போனே இல்லாதவரும் அதே சங்கத்தின் உறுப்பினர், அதே ஊரின் வாக்காளர்.

அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு வந்ததும் இந்த ஏற்பாடுகளை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தனியாக இல்லாமல் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்போதுதான் கேட்டவர் ஒருவர் மட்டும் குறிவைக்கப்பட மாட்டார்.