மனசுக்கும் ஜுரம் அடிக்குமா?

ஜுரம் வந்தால் எனக்கு முதலில் பிடிக்காமல் போவது காபி. அடுத்து, மனுஷர்கள். பேச்சு வேண்டாம், டி.வி. வேண்டாம், போர்வைக்குள் சுருண்டு கிடந்தால் போதும். (ஆபீஸ் இந்தக் கணக்கில் வராது. அது பிடிக்காமல் போக ஜுரம் தேவையில்லை!)

இதெல்லாம் கிருமியின் வேலை மட்டுமல்ல. கிருமியோடு சண்டை போட உடம்பே ரத்தத்தில் அனுப்பும் 'சைட்டோகைன்' என்ற தூதர்கள், "பேசாமல் படு" என்று மூளைக்குத் தகவல் சொல்கிறார்கள். சரி, சண்டை எதுவும் இல்லாதபோதும் இந்தத் தூதர்கள் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தால்?

டாக்டர்களுக்குப் பொறி தட்டியது 'இன்டர்ஃபெரான்' ஊசியில். இதுவும் ஒரு சைட்டோகைன்தான். தோல் புற்றுநோய்க்காக இதைப் போட்டுக்கொண்ட 40 பேரைப் பற்றிய ஆய்வு 2001-ல் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 45 சதவிகிதம் பேருக்கு டிப்ரஷன்! முன்கூட்டியே டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்தவர்களில் 11 சதவிகிதம்தான்.

என் நண்பர் ஒருவர் இப்போது மூன்றாவது மாத்திரையில் இருக்கிறார். ஒவ்வொன்றும் கேட்கிறதா என்று தெரியவே வாரக் கணக்காகும். அதுவரை, "வாக்கிங் போப்பா, சரியாயிடும்" என்று ஆளாளுக்கு அட்வைஸ். "எனக்கு எது கேட்கும்னு முதல்லயே சொல்ல ஒரு டெஸ்ட் கிடையாதா?" என்றார். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் இதைத்தான் பார்த்தார்கள். மாத்திரைகளுக்கு மசியாத 60 பேர். பாதிப் பேருக்கு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற 'இன்ஃப்ளிக்சிமாப்'. மீதிப் பேருக்கு வெற்று மருந்து. 2013-ல் ரிசல்ட் வெளியானது. மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. புஸ்!

ஆனால் சி.ஆர்.பி. என்று ஒன்று உண்டு. கொரோனா சமயத்தில் லேப் ரிப்போர்ட்டில் பார்த்துப் பயந்தோமே, அதேதான். அது லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தால், மருந்து ஏறியவர்களில் 62 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். வெற்று மருந்தில் 33. சி.ஆர்.பி. குறைவாக இருந்தவர்களுக்கோ, வெற்று மருந்தே தேவலை!

"அப்ப நாளைக்கே லேபுக்குப் போயிடறேன்" என்று எழுந்தார் நண்பர். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். தொப்பை போட்டாலும், சிகரெட் பிடித்தாலும், பல் ஈறு வீங்கினாலும்கூட சி.ஆர்.பி. ஏறும். டிப்ரஷன் இருப்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் அது கூடுதலாக இருக்கிறது. அதைப் பார்த்து டிப்ரஷன் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது இன்னும் ஆபத்து. எமரியில் பார்த்ததும் சின்னக் கூட்டம்தான். தவிர, இன்ஃப்ளிக்சிமாப் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. உடம்புக்குள் தூங்குகிற டி.பி.யைக்கூட எழுப்பிவிடும்.

"டி.பி.யா? ஐயோ சாமி, மூணாவது மாத்திரையே இருக்கட்டும்!" என்றார்.