மாலை கழற்றிய மறுநாள்

வருசம் முழுக்கக் குடித்தவர், கார்த்திகையில் மாலை போட்டுவிட்டால் டாஸ்மாக் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். 48 நாள் சுத்தம். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிடுவார். மதுரைப் பக்கத்தில் இது புதுக்கதை இல்லை. “சாமிக்காக விட முடிஞ்ச மனுசனுக்கு, பிள்ளைகளுக்காக விட முடியலையா?” என்று வீட்டில் கேட்பார்கள்.

சாமி பயம் பாதிதான். அந்த 48 நாளும் அவர் தனியாள் இல்லை என்பது மீதிப் பாதி. விடிகாலைக் குளியலுக்கு நாலு சாமிகள், சாயங்காலம் பஜனை, தடுமாறினால் அதட்ட ஒரு குருசாமி. கடைக்குப் போகும் அதே ஏழு மணிக்கு வேறோர் இடத்தில் அவரை எதிர்பார்த்து ஆட்கள் இருக்கிறார்கள். குடியை விட நினைப்பவர்களுக்கான உதவிக்குழுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. மாலையைக் கழற்றும் தேதி மட்டும் அங்கே கிடையாது.

இவ்வகைக் குழுக்களில் பெரியது ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே மொடாக்குடியர்கள். தரகர் வெளியூரில் தனியாக மாட்டிக்கொண்டு, மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்த நேரத்தில் தேடியது டாக்டரையோ சாமியாரையோ இல்லை, தன்னைப் போல இன்னொரு குடிநோயாளியை. குழுவின் சூட்சுமம் இன்றைக்கும் அதுதான். 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, சேர்த்துப் பார்த்தது. முறையான சிகிச்சை மூலம் ஏஏ-யில் சேர்த்துவிடப்பட்டவர்களில், தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் மற்ற உளவியல் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் என்றது.

ஆனால் நேரே குழுவுக்கு ஓடிவிடக் கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் பிதற்றல், இல்லாத உருவம் தெரிவது, உயிராபத்து வரைக்கும் போகலாம். மாலை போடுகிறவருக்கும் இது பொருந்தும். காலையில் கை நடுங்குகிற ஆள் என்றால் முதலில் டாக்டர், பிறகுதான் குழு. அரசு ராஜாஜி மருத்துவமனையின், அதாவது நம் பெரியாஸ்பத்திரியின், மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1992-ல் மதுரையில் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலத்துக்கென்றே இயங்குவது. எங்கே போவதென்று புரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. பக்கத்தில் எந்தக் குழு, என்றைக்குக் கூடுகிறது என்றும் இந்த இடங்களிலேயே விசாரியுங்கள்.

வெளியாட்களை அனுமதிக்கும் திறந்த கூட்டம் ஒன்றில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம், ஆள் அடையாளம் இல்லாமல் அந்த அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, முட்டி இடிக்கிற பெஞ்சு. எழுந்தவர் பேரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்கிறார். ஊர், சாதி, உத்தியோகம் எதையும் யாரும் விசாரிக்கவில்லை. நடுவில் ஒருவர் பேச்சு அடைத்து நின்றபோது அறிவுரை சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். வேறு எங்கே சொன்னாலும் காறித் துப்புகிற ஒரு விஷயத்துக்கு அந்த அறை வாய்விட்டுச் சிரித்தது. எல்லாரும் அதைச் செய்தவர்கள்.

சரியான குழு எது? வேலை முடிந்த நேரத்தில், ஒரே பஸ்ஸில் போய்ச் சேரக்கூடியது என்பது என் முதல் கணக்கு. மாட்டுத்தாவணியில் இறங்கி, பெரியாரில் மாறி, அங்கிருந்து நடந்து போக வேண்டிய குழுவுக்கு மூன்றாவது வாரம் யாரும் போக மாட்டார்கள். வழியில் எத்தனை கடை! உசிலம்பட்டி, மேலூர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. உள்ளூரில் தெரிந்த முகம் பார்த்துவிடுமே என்ற கூச்சம் இருந்தால் தூரமே நல்லது. ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், நாலைந்து முறை போய்ப் பாருங்கள். கூட்டத்தில் சொல்லும் பிரார்த்தனை ஒட்டாதவர்கள், அவரவர் புரிந்துகொண்ட சக்தி என்றுதான் ஏஏ சொல்கிறது என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த அறை சங்கடம்தான். பெண்கள் மட்டும் கூடும் இணையவழிக் கூட்டம் உண்டா என்று கேளுங்கள்.

ஏஏ-யில் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டவர் காசு போடலாம். குழு என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்டாலோ, டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, “சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள்” என்று பொடி நீட்டினாலோ எழுந்து வந்துவிடுங்கள். தெரியாமல் கலக்கும் அந்த மருந்து, மேலே சாராயமும் சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடக்கூடும்.

குடிக்கிறவர் வர மறுத்தால் வீட்டார் சும்மா இருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-லிருந்து இருக்கிறது. அவர் ஒருநாளும் நிறுத்தாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம்.

சேர்ந்த பிறகு பழைய உறுப்பினர் ஒருவரைத் துணையாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்பான்சர் என்பார்கள், குருசாமி மாதிரி, ஆனால் காலில் விழ வேண்டாம். சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போயே தீர வேண்டும் என்றால், பந்தலுக்குள் நுழையும் முன் ஸ்பான்சருக்கு ஒரு போன். சாப்பிட்டு, மொய் எழுதி, வெளியே வந்ததும் இன்னொரு போன்.