மோட்டார் இல்லாமல் ஒரு சிறு மீன்தொட்டி

வயலையும் வளவையும் விட்டு வந்து தற்காலிகக் கொட்டில்களில் வாழும் குடும்பங்களுக்கு மீன்தொட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடைத் தொட்டி, காற்று ஊதும் மோட்டார், வடிகட்டி, மின்விளக்கு என்று கணக்குப் பார்த்தால் அது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கே. நாம் இங்கு கூறுவது வேறு. பத்துப் பன்னிரண்டு லீற்றர் கொள்ளும் ஒரு கண்ணாடிச் சாடி, கொஞ்ச மண், கொஞ்ச மணல், குளத்துச் செடி, மூன்று சிறு மீன்கள் போதும். மின்சாரம் வேண்டாம். இதில் பெருகும் கப்பி மீன்கள் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். தண்ணீரைப் பிடித்து வைத்தே சீவிக்க வேண்டிய இடங்களில் டெங்கு என்ன செய்யுமென்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மோட்டாரின் வேலையைச் செடி செய்வதே இதன் அடிப்படை. 1850ஆம் ஆண்டில் றொபேட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் தமது பரிசோதனை ஒன்றை வெளியிட்டார். இரண்டு தங்கமீன்களையும் வலிசுனேரியாச் செடியையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி எடுத்தது. செடி வெளிவிட்ட ஒட்சிசனை மீன் சுவாசித்தது. ஆனால் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கவே, குளத்து நத்தைகள் சிலவற்றை இட்டார். அவை அழுகலைத் தின்ன, நீர் தெளிந்தது. பிற்காலத்தில், 1999இல், அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் எழுதிய நூல் தொட்டியின் அடியில் சாதாரண மண்ணை இடும் முறையைப் பரவலாக அறியச் செய்தது.

விவசாயிக்கு இதில் புதுமை அதிகமில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கு நஞ்சு, செடிக்கோ நைதரசன் பசளை. வயலில் இட்ட யூரியாவும் அமோனியமாக மாறிய பின்னர்தான் பெரும்பாலும் நெற்பயிருக்குப் போய்ச் சேருகிறது.

சாடி வாய் அகன்றதாக இருக்கட்டும். உயரமான ஒடுங்கிய போத்தலில் நீர்ப்பரப்பு குறைவு; காற்று போதிய அளவு கலவாது. ஐந்து லீற்றருக்குக் குறைந்த பாத்திரமாயின் செடியும் நத்தையும் மட்டும் போதும், மீன் வேண்டாம்.

மண்ணிலேதான் அதிக கவனம் வேண்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்து மண் மீனைக் கொன்றுவிடும். பச்சை எரு கலந்த மண் நீரை நாறடிக்கும். உப்புத் தரை மண்ணும் உதவாது. மருந்து படாத வளவில் மேல்மண்ணை எடுத்து, வேர், சருகு, கல் நீக்கி அரித்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று தெரியாத நிலத்தில் ஒரு பிடி மண்ணுக்காகவும் கால் வைக்க வேண்டாம். அரித்த மண்ணை நனைத்துச் சேறாக்கி ஓர் அங்குல உயரத்திற்குப் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய பருமணலை இன்னோர் அங்குலம் இடுங்கள். மணல், சேற்றை அமுக்கி வைத்திருக்கும்.

செடிக்கு ஐதரில்லா சிறந்தது. பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் அறிந்திருப்பார்கள். கணுவோடு முறித்து நட்டால் வேர்விடும். வலிசுனேரியா கிடைத்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்புத் தன்மையுள்ள யாழ்ப்பாணக் கிணற்று நீர் இவ்விரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும், கப்பிக்கும் அவ்வாறே. குளத்திலிருந்து கொண்டுவரும் செடியை இரண்டு மூன்று நாள் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அட்டையும் தும்பிக் குடம்பியும் இல்லாமல் அலசி எடுங்கள். தும்பிக் குடம்பி மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். செடியைக் கஞ்சத்தனமின்றி நெருக்கமாக நடவேண்டும். இடைவெளி விட்டால் பாசி பிடிக்கும்; வயலில் களை வருவது போலத்தான்.

மணல்மேல் ஒரு சிரட்டையை வைத்து அதன்மீது மெதுவாக நீரை ஊற்றினால் சேறு கலங்காது. பவுசர் நீரோ குழாய் நீரோ ஆனால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். குடிநீருக்கே வரிசையில் நிற்கும் காலத்தில் இதைத் தொடங்க வேண்டாம். மழைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். காலை வெயில் இரண்டு மூன்று மணித்தியாலம் படும் இடம் நல்லது. மதிய வெயில் பட்டால் சிறிய சாடியின் நீர் சூடாகிவிடும்.

இனி மூன்று நான்கு வாரம் பொறுத்திருக்க வேண்டும். புது மண்ணிலிருந்து அமோனியா கசியும் காலம் இது. வாரம் ஒருமுறை மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுங்கள். இக்காலத்தில் சாடியின் வாயை மெல்லிய சீலையால் இறுகக் கட்டிவைப்பது கட்டாயம். மீன் இல்லாத தேங்கிய நீரில் நுளம்பு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும். நோயைத் தடுக்கப் போய் நாமே வளர்த்தவர்களாவோம்.

செடி புதுத் தளிர் விட்டு நீர் தெளிந்த பின், ஓர் ஆண், இரண்டு பெண் கப்பிகளை விடுங்கள். உணவு ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பிள்ளைகள் அன்பு மிகுதியால் சோற்றுப் பருக்கையை அள்ளிப் போடுவார்கள். மீன்தொட்டிகள் பழுதாவது பெரும்பாலும் இதனாலேயே. செடியும் இரவில் ஒட்சிசனைச் சுவாசிக்கும். ஆகவே விடியற்காலையில் பாருங்கள்: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மீன் கூடிவிட்டது, அல்லது ஏதோ அழுகுகிறது.

கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சு போடும். ஒருமுறை ஆணோடு கூடிய பெண் ஏறக்குறைய மாதம் ஒரு தடவையாகப் பல மாதம் குஞ்சு போடக்கூடும். தாயே குஞ்சுகளைத் தின்னும். நெருங்கிய செடிக்குள் ஒளிந்தவை தப்பும். வளர்ந்தவற்றை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, குடிப்பதற்குப் பயன்படாத தொட்டியிலோ கிணற்றிலோ விடலாம். புதிதாகக் குளோரின் இட்ட கிணற்றில் விட்டால் செத்துவிடும். மீன் இருக்கிறதென்று தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் விடக்கூடாது. டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்கு மேல் சுவரில் ஒட்டி, காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும்.

குளத்திலோ வாய்க்காலிலோ ஆற்றிலோ கப்பியை விட வேண்டாம். அது தென் அமெரிக்க மீன். எமது சிறு மீன்களுக்குப் போட்டியாகும். 1939இல் இலங்கைக்கு வந்த சல்வீனியா வயல்களையும் குளங்களையும் மூடியதை மூத்தவர்கள் அறிவார்கள்.

ஊர் திரும்பவோ வேறிடம் மாறவோ நேர்ந்தால் சாடியை நீரோடு தூக்கவேண்டாம், உடைந்துவிடும். முதல்நாள் மீனுக்கு உணவு போடாமல் விடுங்கள். பெரிய போத்தலில் பாதி சாடி நீர், பாதி காற்றாக மீனை அடைத்து நிழலில் கொண்டுபோங்கள். செடியை நனைந்த கடதாசியில் சுற்றிப் பையிலிட்டால் ஒரு நாள் தாங்கும். மண்ணை அங்கே புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.