பாடசாலை அணி, கழக அணி: இரண்டுக்கும் நடுவில் பிள்ளையின் உடல் ஒன்றுதான்

இங்கிலாந்தில் வாழும் எமது தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் செப்டம்பர் மாதம் பிறந்ததும் ஒரு புதிய சிக்கல் தொடங்குகிறது. மகன் பாடசாலை றக்பி அணிக்குத் தெரிவாகியிருப்பான். ஏற்கனவே ஊரிலுள்ள றக்பிக் கழகத்திலும் ஆடிக்கொண்டிருப்பான். கிழமை நாளில் பாடசாலை ஆட்டம், ஞாயிறு காலையில் கழக ஆட்டம், இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி. அதற்கு மேல் மாலை மத்ரஸா, வீட்டுப் பாடம், பரீட்சை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பெற்றோர் குழம்புகிறார்கள்.

இதை நேர முகாமைத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. இதில் பிள்ளையின் உடல் நலன் இருக்கிறது, கொடுத்த வாக்கு இருக்கிறது, தொழுகையும் இருக்கிறது. ஆகவே மார்க்கத்தின் பார்வையிலும் நடைமுறையிலும் இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இலங்கை வழக்கமும் இங்கிலாந்து வழக்கமும்

இலங்கையில் படித்த பெற்றோருக்கு றக்பி என்றால் பாடசாலைதான். கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891இல் ஆரம்பித்த பாடசாலை றக்பி, 1945 முதல் றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயம், மருதானை ஸாஹிராவின் ஆட்டங்கள் என்று எமது நினைவுகள் எல்லாம் பாடசாலையைச் சுற்றியே இருக்கின்றன. கழகம் என்பது பெரும்பாலும் பாடசாலைக் காலத்துக்குப் பின்னர் வருவது. கண்டி கழகத்துக்கும் இலங்கை அணிக்கும் தலைமை தாங்கிய பாசில் மரிஜாவும் கிங்ஸ்வுட் கல்லூரியில் இருந்து வந்தவரே.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. இங்கே 6, 7 வயதிலேயே பிள்ளைகளைக் கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஆரம்பத்தில் இடுப்பில் கட்டிய பட்டியை இழுக்கும் டேக் றக்பி. 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இருந்து மோதிப் பிடிக்கும் ஆட்டம் படிப்படியாக வருகிறது. கழகத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், அணியில் ஆடும் பிள்ளைகளின் தந்தைமாரே. அவர்களுடைய நாள் ஞாயிறு காலை. அரசாங்கப் பாடசாலைகள் கிழமை நாட்களில் பாடசாலை முடியும் நேரத்தில் ஆடுகின்றன. தனியார் பாடசாலைகள் பலவற்றில் சனிக்கிழமை ஆட்டம், அதுவும் தெரிவானவர்களுக்குக் கட்டாயம். திறமையுள்ள பிள்ளையென்றால் 14, 15 வயதில் கவுண்டி அல்லது அகடமிப் பயிற்சியும் மூன்றாவதாக வந்து சேரும்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் பாடசாலை ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார். கழகப் பயிற்றுவிப்பாளர் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்க்கிறார். இங்கிலாந்து றக்பி சங்கத்தின் 15ஆவது ஒழுங்குவிதி ஒவ்வொரு வயதுக்கும் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கலாம் என்று வரையறுக்கிறது. அணிக்கு அழைத்துவந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்ட நேரம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் செவ்வாய், புதன், வியாழன், சனி, ஞாயிறு என்று உங்கள் பிள்ளை ஓடிய ஓட்டத்தை எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பவர் யார்? தாயும் தந்தையும் மட்டும்தான். வேறு எவருக்கும் முழுக் கணக்கும் தெரியாது.

உடலுக்கும் உரிமை உண்டு

அபூதர்தா (ரழி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று இருந்தபோது ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள் அவரைத் தடுத்தார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் உரிமைகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் உரியதைக் கொடுக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் (ரழி) சொன்னது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார்கள். புகாரியில் வரும் இச்சம்பவத்தை எமது உலமாக்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. வணக்கத்திலேயே உடலை வருத்தக் கூடாது என்றால், விளையாட்டுக்காக வளரும் பிள்ளையின் உடலை வருத்துவதற்கு எங்கே இடமிருக்கிறது?

விளையாட்டு மார்க்கத்துக்கு அந்நியமானது அல்ல. நபி (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்ததும், ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் போட்டி ஓடியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. பிள்ளை றக்பி ஆடுவதைத் தடுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. அளவு பற்றியே பேசுகிறோம்.

10 முதல் 15 வயது வரை எலும்புகள் வேகமாக வளர்கின்றன. ஓய்வில்லாமல் ஓடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருவது இந்த வயதில் வழமை. சோம்பலில் சொல்லும் சாட்டு என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. கிழமையில் குறைந்தது ஒரு நாளாவது எந்தப் பயிற்சியும் இல்லாத முழு ஓய்வு வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான ஆலோசனை. பிள்ளையின் வயது எத்தனையோ, கிழமைக்கு அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டில் ஈடுபடுத்த வேண்டாம் என்றும் சொல்வார்கள். 12 வயது என்றால் 12 மணித்தியாலம். பாடசாலை, கழகம், உடற்கல்விப் பாடம் எல்லாம் சேர்த்து ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

தலையில் அடிபட்டால்

இரண்டு அணியில் ஆடும் பிள்ளைக்கு உள்ள மிகப் பெரிய ஆபத்து இதுதான். புதன்கிழமை பாடசாலை ஆட்டத்தில் தலையில் அடிபடுகிறது. பிள்ளை எழுந்து நிற்கிறான், நடக்கிறான். பாடசாலை ஆசிரியர் அவனை வெளியே எடுத்துவிடுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனை அணியில் சேர்க்கும் கழகப் பயிற்றுவிப்பாளருக்கு அந்தச் செய்தி போகாது. பிள்ளையும் சொல்ல மாட்டான், சொன்னால் இடம் போய்விடும் என்று பயம். இப்படித்தான் மூளையதிர்ச்சி ஆறுவதற்கு முன்னர் இரண்டாவது அடி விழுகிறது.

2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் 14 வயதுப் பாடசாலை மாணவர் ஒருவர் றக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பின்னரும் தொடர்ந்து ஆட விடப்பட்டு, மைதானத்திலேயே சரிந்து பின்னர் உயிரிழந்தார். முதல் அடியில் இருந்து மூளை மீளுமுன் மறுபடியும் அடிபட்டதே காரணம் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. அவருடைய பெற்றோர் நடத்திய தொடர் முயற்சி பிரித்தானியாவில் மூளையதிர்ச்சி பற்றிய விழிப்புணர்வுக்குப் பெரிதும் உதவியது.

2023 ஏப்ரலில் பிரித்தானிய அரசாங்கத்தின் ஆதரவுடன் அனைத்து அடிமட்ட விளையாட்டுகளுக்கும் பொதுவான வழிகாட்டல் வெளியானது. பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டியவை இவை:

- சந்தேகம் இருந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். மயக்கம் வந்தால்தான் மூளையதிர்ச்சி என்று எண்ணக் கூடாது. தலைவலி, தலைச்சுற்று, குழப்பம், வழமைக்கு மாறான எரிச்சல், தூக்கத்தில் மாற்றம் ஆகியனவும் அறிகுறிகளே.
- அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குள் 111க்கு அழைத்தோ மருத்துவரிடம் சென்றோ ஆலோசனை பெற வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, நினைவு தடுமாறுதல், கடுமையாகிக்கொண்டு போகும் தலைவலி இருந்தால் உடனே 999.
- முதலில் பாடசாலைப் படிப்புக்குத் திரும்ப வேண்டும். விளையாட்டு அதற்குப் பிறகுதான், அதுவும் படிப்படியாக.
- அறிகுறி ஏதுமின்றி 14 நாட்கள் கழிவதற்கு முன்னர் தலையில் அடிபடக்கூடிய பயிற்சி கூடாது. குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டி ஆட்டம் கூடாது.
- 28 நாட்களுக்குப் பின்னரும் அறிகுறி இருந்தால் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த 21 நாள் கணக்கு பாடசாலைக்கு வேறு, கழகத்துக்கு வேறு அல்ல. மூளை ஒன்றுதான். ஆகவே எங்கே அடிபட்டாலும், அன்றே இரு பயிற்றுவிப்பாளர்களுக்கும் எழுத்தில் அறிவிப்பது பெற்றோரின் கடமை. ஒரு குறுஞ்செய்தி போதும். மத்ரஸா உஸ்தாதுக்கும் சொல்லுங்கள். தலை வலிக்கும் பிள்ளையை மனனம் செய்யும்படி அவரும் வற்புறுத்த மாட்டார்.

எமது பெற்றோர் சிலர் கழகக் கட்டடத்தில் மதுபானக் கூடம் இருக்கிறது என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. பிள்ளையை வாகனத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் கட்டடத்துக்குள் போகாமல் மைதான ஓரத்தில் நிற்கலாம். பயிற்றுவிப்பாளருடன் ஐந்து நிமிடம் பேசலாம். முகம் தெரியாத பெற்றோரிடம் எந்தப் பயிற்றுவிப்பாளரும் மனம் விட்டுப் பேசுவதில்லை.

வாக்கும் ஓர் அமானிதமே

அணியில் பெயர் கொடுப்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்றும்படியும், அது பற்றி விசாரிக்கப்படும் என்றும் ஸூரா அல்இஸ்ராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். ஞாயிறு காலை 9 மணிக்கு, வர முடியாது என்று செய்தி அனுப்புவது பலருக்குச் சிறிய விடயமாகத் தெரிகிறது. றக்பியில் அது சிறியது அல்ல. ஸ்க்ரமின் முன்வரிசையில் ஆடுவதற்குப் பழக்கப்பட்ட பிள்ளை திடீரென வராமல் போனால், அந்த இடத்துக்குப் பழக்கமில்லாத ஒருவனை நிறுத்துவது ஆபத்து. ஆகவே போட்டியில்லாத ஸ்க்ரமுடன் ஆட்டத்தை நடத்த நேரிடும். ஒரு பிள்ளை வராததால் முப்பது பிள்ளைகளின் ஆட்டம் மாறிவிடுகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லுவதும் தவறு. நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பதே சிறந்தது. பருவம் தொடங்கும்போதே இரு அணிகளின் ஆட்ட நாட்களையும் வாங்கி, ஒரே நாட்காட்டியில் எழுதுங்கள். மோதும் நாட்களை அப்போதே இரு தரப்புக்கும் சொல்லிவிடுங்கள். மூன்று கிழமைக்கு முன்னர் சொல்லும் 'முடியாது' எவரையும் புண்படுத்தாது. இரண்டு பயிற்றுவிப்பாளர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தால் இன்னும் நல்லது. ஒருவருடைய தொடர்பை மற்றவருக்குக் கொடுங்கள். இழுபறியைத் தீர்க்கும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள். 13 வயதுப் பிள்ளையால் ஆசிரியரிடமும் பயிற்றுவிப்பாளரிடமும் மறுப்புச் சொல்ல முடியாது.

புலமைப்பரிசிலுடன் தனியார் பாடசாலையில் படிப்பவராயின், விளையாட்டு பற்றிய நிபந்தனைகளை முதலில் வாசித்துப் பாருங்கள். பாடசாலை அணிக்கே முதலிடம் என்று அதில் எழுதியிருந்தால், அதற்குக் கையொப்பமிட்டவர் நீங்கள்தான். கழகத்திடம் அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவது நேர்மை.

தொழுகை, மத்ரஸா, ரமழான்

டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கும் வெளியூர் ஆட்டம் என்றால் அஸரும் மஃரிபும் சிக்கலாகும். லுஹரை மதிய இடைவேளையிலும், அஸரை நேரம் வந்ததும் ஆட்டத்துக்கு முன்னரும் தொழ இடம் கேளுங்கள். மஃரிபுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவகாசம் இருப்பதால், பஸ் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுத் திட்டமிடலாம். மரியாதையாகக் கேட்டால் பாடசாலைகள் பெரும்பாலும் ஒத்துழைக்கின்றன. கேட்காமல் இருந்துவிட்டு, பிள்ளை தொழுகையை விட்டுவிட்டான் என்று வருந்துவதில் பயனில்லை.

மத்ரஸா ஞாயிறு காலையில் என்றால் கழகத்துடன் நேரடியாக மோதும். கிழமை நாள் வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று உஸ்தாதிடம் கேளுங்கள். முடியாதென்றால் அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை அணி மட்டும் போதும். குர்ஆன் ஓதப் படிக்கும் வருடங்கள் திரும்பி வராது.

ரமழான் இப்போது றக்பிப் பருவத்துக்குள்ளேயே வருகிறது. 2025இல் மார்ச் மாதம், 2026இல் பெப்ரவரி நடுப்பகுதி. பருவ வயதை அடைந்த பிள்ளைக்கு நோன்பு பர்ளு. விளையாட்டு அதை விடுவதற்குரிய காரணம் ஆகாது. அந்த மாதத்தில் ஒரு அணியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதில் இருந்து விடுப்புக் கேட்பது நல்லது. ஸஹருக்குப் பின் சில மணித்தியாலத்தில் வரும் ஞாயிறு காலை ஆட்டம், நாள் முழுக்கப் பசித்த பின் வரும் கிழமை நாள் பிற்பகல் ஆட்டத்தை விட இலகுவானது. கழகத்தின் மாலைப் பயிற்சிக்கு இப்தாருக்குப் பிறகு போய்ச் சேரலாம்.

எதற்கு முதலிடம்?

இரண்டும் மோதும்போது இந்த வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் பர்ளான கடமைகள். அடுத்து பிள்ளையின் உடல். அடுத்து ஏற்கனவே கொடுத்த வாக்கு. திறமையும் பதக்கமும் அதற்குப் பின்னர்தான். 24 மணித்தியாலத்துக்குள் இரண்டு ஆட்டம் வந்தால் ஒன்றை மட்டும் ஆடச் சொல்லுங்கள். பரீட்சைக் காலத்தில் ஒரு அணியில் இருந்து தற்காலிகமாக விலகுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையிடம் கேளுங்கள். ஞாயிறு இரவு, ஆட்டம் முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். "வென்றாயா?" என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம். முதல் கேள்வி எதுவோ, வீட்டில் எதற்கு மதிப்பு என்று பிள்ளை அதிலிருந்தே படித்துக்கொள்கிறான்.

எமது பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உடலையும், வாக்குத் தவறாத பண்பையும், தொழுகையில் பேணுதலையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.