தேர்ந்தெடுத்த வரி மட்டும் எப்படி ஓடுகிறது?

கொல்லிமலைச் சாமை, தினை விளைச்சல் அட்டவணையை ஆர் என்ற நிரல்மொழியில் அலசுகிறோம் என்று வையுங்கள். தரவை ஏற்றுவது முதல் வரி, வரைபடம் கடைசி வரி. வரைபடக் கோட்டின் நிறத்தை மாற்றியதற்காக முழு நிரலையும் மறுபடி ஓட்டுவது வீண் வேலை. ஆர்ஸ்டுடியோ என்ற எடிட்டரில் வரைபட வரியை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் போதும். எடிட்டர் எதையும் கணக்கிடுவதில்லை. நிரலை இயக்குவதற்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆர் இன்டர்பிரெட்டருக்கு அந்த எழுத்துகளை அனுப்புகிறது, அவ்வளவுதான். முன்பு ஏற்றிய அட்டவணை அதன் நினைவகத்திலேயே இருப்பதால் படம் உடனே வந்துவிடுகிறது. 1985இல் வெளிவந்த க்னூ ஈமாக்ஸ் இன்னும் ஒரு படி மேல்: லிஸ்ப் மொழி வரிகளை அந்த எடிட்டரே இயக்கும்.

இப்படி வரி வரியாக ஓட்டுவது ஆபத்தான பழக்கம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சாமைத் தரவைப் பிரித்தெடுத்த வரியை அழித்த பிறகும் அதன் விடை நினைவகத்தில் தங்கியிருக்கும். அதனால் நம் கணினியில் ஓடும் நிரல், அடுத்தவர் கணினியில் படுத்துவிடும். அதற்காக இந்த வசதியைக் கைவிடுவது மிகை. தேடும் கட்டத்தில் வேகம்தான் முக்கியம். விடையை வெளியே கொடுக்குமுன் செஷனை மூடித் திறந்து, முதல் வரியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.