மார்கழி வலையில் விழும் போன வருடத்து மழை

வைகை அணையில் மார்கழி, தை மாதங்களில் பரிசல் நிறைய மீன் வந்தால், நல்ல யோகம் என்பார்கள். உண்மையில் அந்த மீன் பிடிபடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் கணக்கு வருசநாட்டு மலையில் எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த மலையில் பிறக்கும் மூல வைகை ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆறு. வடகிழக்குப் பருவமழை வலுத்தால்தான் கடமலைக்குண்டு வழியாகச் செந்நீர் இறங்கும். சுரங்கம் வழியாக வரும் பெரியாற்று நீரும் அணையில் வந்து சேரும். காட்டின் இலைச்சருகும் வண்டலும் வெள்ளத்தோடு வருகின்றன. கோடையில் காய்ந்த கரையில் முளைத்த புல் மூழ்கி மட்குகிறது. கலங்கல் தெளிந்து வெயில் உள்ளே இறங்கியதும் நீர் பச்சையாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுவதன் அடையாளம் அது. மேல்மட்டத்தில் மேயும் கட்லாவுக்கு அதுதான் முதல் விருந்து. ரோகு நடுநீரிலும் மிருகால் அடித்தரையிலும் இரை தேடும்.

ஆனால் இந்த மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. அணையின் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. 1957-இல் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணையில் குஞ்சு பொரிப்பது சாத்தியமானது. அணையில் விடும் குஞ்சு விரலளவாவது வளர்ந்திருக்க வேண்டும். அதைவிடச் சிறியவை விராலுக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டையோ அணையில் தானாகவே பெருகும். குஞ்சு விடுவது குறைந்த வருடங்களில் வலையை அதுவே நிறைக்கும்.

வட பசிபிக் கரையின் சால்மனுக்கும் கணக்கு பின்னோக்கியே போகிறது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து ஆற்றுக்குத் திரும்பும் மீன் அது. குஞ்சாக இருந்தபோது ஆற்றில் ஓடிய நீரும், கடலுக்குள் போனபோது கிடைத்த இரையுமே இன்றைய வரத்தைத் தீர்மானிக்கின்றன.

பிடிபட்ட எடையை மட்டும் பார்த்து நல்ல பருவம் என்று சொல்லிவிடவும் முடியாது. அணை முழு நீர்மட்டமான 71 அடியை நெருங்கும்போது மீன் பரந்துவிடும். வலை லேசாகவே வரும். நீர்மட்டம் சரசரவென்று இறங்கும்போது மீன் நெருக்கியடித்துக்கொண்டு அகப்படும். அது விளைச்சல் அல்ல, இருப்பைக் காலி செய்வது. கண் சிறுத்த வலையும் அதையே செய்கிறது. இரை நன்றாகக் கிடைத்தால் கட்லா ஒரே வருடத்தில் ஒரு கிலோவைத் தொடக்கூடியது. அதைக் கால் கிலோவில் பிடித்தால் முக்கால் கிலோ மீனவருக்கே நட்டம்.

2021-இல் வருசநாட்டு மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தன. அந்தக் காடு நின்றால் வண்டல் அளவோடு வரும், மழை முடிந்த பின்னும் ஊற்று கசியும். சந்தைக்குப் போகும் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: கையளவு கட்லாவை வாங்காதீர்கள்.